டிரங்க் வயர்லெஸ் பிறந்த கதை

2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட்டேல் பக்கத்துக் காடு நாள்கணக்கில் எரிந்தது. அதை அணைக்க ஒரு துறை போதவில்லை. வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு வெட்டினார்கள். தீயணைப்புத் துறையினர் சரிவுகளில் இறங்கிப் போராடினார்கள். கடைசியில் விமானப் படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் பெரிய வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து தண்ணீர் கொட்டியது. மலைச்சரிவில் தீ பொதுவாக மேல்நோக்கி ஓடும். காற்று திரும்பினால் ஓடும் திசை நொடியில் மாறும். அந்த மாற்றம் முதலில் கண்ணில் படுவது எதிர்ச்சரிவில் நிற்பவருக்கு. அதை உடனே தெரிந்துகொள்ள வேண்டியவரோ புகைக்குள் நிற்கிறார். இருவருக்கும் நடுவில் இருப்பது கையடக்கமான ஒரு வயர்லெஸ் செட் மட்டும்தான்.

அந்தச் செட்டில் பேசுகிறவரைப் பற்றியே நாம் யோசித்துப் பழகிவிட்டோம். யார் சொன்னார், என்ன சொன்னார் என்றுதான் விசாரணை அறிக்கைகளும் கேட்கின்றன. ஆனால் தீயணைப்பு வயர்லெஸ் உயிரைக் காப்பது கேட்கிறவர் வழியாக. யாருக்கோ சொன்ன செய்தி பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழுந்து, அவர் இரண்டு அடி பின்வாங்கினால், அதுதான் அந்தக் கருவியின் பயன். உலகத்தின் பெரிய நகரங்களில் இன்று தீயணைப்புப் படைகளும் காவல்துறையும் பயன்படுத்தும் டிஜிட்டல் டிரங்க் வயர்லெஸின் பிறப்பை இந்தக் காதுகளின் பக்கம் நின்று சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

வண்டியில் ஏறிய காவல்துறை வயர்லெஸ் அமெரிக்காவில் தொடங்கியபோது கேட்க மட்டுமே தெரிந்ததாக இருந்தது. டெட்ராய்ட் நகரக் காவல்துறை 1920களின் தொடக்கத்திலேயே வானொலியைப் பரிசோதித்தது. காவல்துறைக்கென்று தனி உரிம வகை அப்போது இல்லை. எனவே கேஓபி என்ற அழைப்புப் பெயரில் பொழுதுபோக்கு நிலையமாக உரிமம் வாங்கி, இசைக்கு நடுவே குற்றச் செய்திகளை ஒலிபரப்பினார்கள். ஓடும் காரின் அதிர்வைத் தாங்கும் ரிசீவர் செய்வதில்தான் ஆண்டுகள் கழிந்தன. 1928 ஏப்ரல் 7 அன்று அது முறையாக இயங்கத் தொடங்கியது. அப்போதும் ஒருவழிதான். நிலையம் சொல்லும், காரிலிருப்பவர் கேட்பார். பதில் சொல்ல வேண்டுமானால் தெருவோரத் தொலைபேசியைத் தேடிப் போக வேண்டும்.

அதே அலைவரிசை ஊர் மக்களுக்கும் கேட்டது. சாதாரண நடுத்தர அலைப் பட்டைக்குச் சற்று மேலேதான் அந்த ஒலிபரப்பு இருந்தது. 1930களில் அமெரிக்க வீட்டு வானொலிப் பெட்டிகள் பலவற்றின் முள் தட்டில் 'போலீஸ்' என்றே ஓர் இடம் குறித்திருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமே உட்கார்ந்து நகரத்தின் அவசரங்களைக் கேட்டது. பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பழக்கத்துக்கு வயது அந்தக் கருவியின் வயதேதான்.

1933இல் நியூ ஜெர்சியின் பேயோன் நகரம் கார்களிலிருந்தே பதில் பேசும் இருவழி வயர்லெஸை வைத்துக் காட்டியது. பிறகு எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் தந்த எஃப்எம் முறை இரைச்சலைப் பெருமளவு விலக்கியது. 1940இல் டேனியல் நோபிள் கனெக்டிகட் மாநிலக் காவல்துறைக்கு எஃப்எம்மில் இருவழி அமைப்பை நிறுவினார். கனடாவில் டொனால்ட் ஹிங்ஸ் 1937இலேயே சுரங்க நிறுவனமொன்றின் காட்டு விமானிகளுக்காகத் தூக்கிச் செல்லும் இருவழிச் செட் செய்திருந்தார். சாலையில்லாத காட்டில் விமானம் இறங்கிவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பதுதான் அவர் எதிர்கொண்ட தேவை. போர் வந்ததும் அந்தச் செட் படைவீரர்களின் முதுகில் ஏறியது. கையில் பிடிக்கும் 'ஹேண்டி டாக்கி'யும் முதுகில் சுமக்கும் எஸ்சிஆர்-300ம் போர்க்கால வேகத்தில் பிறந்தவை. போர் முடிந்தபின் டாக்சிக்காரர், மின்வாரியக்காரர், தீயணைப்பு நிலையம் என்று எல்லோரும் ஆளுக்கொரு அலைவரிசை கேட்டு நின்றார்கள்.

வானத்தில் இடம் போதவில்லை. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒரு துறைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால், ஒரு துறையின் அலைவரிசை மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். பக்கத்துத் துறையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தி ஒருவர் பேச்சை மற்றவர் மிதித்துக்கொண்டிருப்பார்கள். இந்தச் சிக்கலுக்கு விடை, தொலைபேசிக் கம்பிகளுக்காக ஒரு டேனிஷ்காரர் போட்ட கணக்கில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

அக்னர் கிராரப் ஏர்லாங் 1878இல் ஜுட்லாண்டில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். கணிதம் படித்து, ஆசிரியராக வேலை பார்த்தார். 1908இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். அவரை அங்கே கொண்டு சேர்த்தவர் யோஹான் யென்சன். கணிதம் படித்தவர்கள் அந்தப் பெயரை யென்சன் சமனின்மை என்ற தேற்றத்தில் பார்த்திருப்பார்கள். அந்தப் பெரிய கணிதர் பிழைப்புக்குத் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்தார். அவர் ஏர்லாங்கிடம் கொடுத்த கேள்வி எளியதாகத் தெரியும், ஆனால் கடினம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எத்தனை டிரங்க் கம்பி இழுத்தால் போதும்? அழைப்புகள் சொல்லிவைத்து வருவதில்லை. சில நேரம் ஒன்றும் இருக்காது, சில நேரம் இருபது ஒன்றாக வரும். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த நம் முந்தைய தலைமுறைக்கு, கம்பிகள் போதாதபோது என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஏர்லாங் காகிதத்தோடு நிற்கவில்லை. தெருவில் மேன்ஹோலுக்குள் தாமே இறங்கி அளவெடுப்பார், உதவியாளர் ஏணியைத் தூக்கிக்கொண்டு கூடவே போவார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1909இல் அழைப்புகள் தற்செயலாக வருவதன் கணக்கை வெளியிட்டார். 1917இல் வந்தது அவர் பெயரால் இன்றும் வழங்கும் சூத்திரம். இத்தனை கம்பிகள், இவ்வளவு பேச்சு என்று கொடுத்தால், நூற்றில் எத்தனை அழைப்பு இடமின்றித் திரும்பும் என்று அது சொல்லிவிடும். திருமணம் செய்துகொள்ளாமல் கணிதத்திலேயே வாழ்ந்து 1929இல் அவர் மறைந்தார். பேச்சுப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு 1946இல் அவர் பெயரையே வைத்தார்கள்.

அந்தச் சூத்திரத்தை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் டிரங்க் வயர்லெஸ் ஏன் பிறந்தே ஆக வேண்டியிருந்தது என்பது விளங்கும். நூறு அழைப்பில் இரண்டுக்கு மேல் தவறக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு அலைவரிசை மட்டும் உள்ள துறை, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 73 நொடிதான் பேசலாம். அதற்கு மேல் பேசினால் அந்த உறுதி உடையும். பத்துத் துறைகள் ஆளுக்கொன்றாகப் பத்து அலைவரிசை வைத்திருந்தால், எல்லோருடைய பேச்சும் சேர்ந்து மணிக்குச் சுமார் 12 நிமிடம். அதே பத்தையும் ஒரே பொதுக் குவியலாக்கி, எது காலியோ அதைக் கேட்டவருக்குக் கொடுத்தால் மணிக்குச் சுமார் 305 நிமிடப் பேச்சு ஓடும். இருபத்தைந்து மடங்கு! ஒரு புதிய அலைவரிசைகூடச் சேர்க்கவில்லை. இப்படிப் பொதுவில் பகிர்வதுதான் டிரங்க் முறை.

குன்னூரில் பத்து எஸ்டேட்டுகள் ஆளுக்கொரு ஜீப்பை ஷெட்டில் நிறுத்திவைத்திருப்பதற்கும், அந்தப் பத்து ஜீப்பையும் ஒரே ஸ்டாண்டில் விட்டுத் தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஆனால் ஸ்டாண்டு என்று வந்துவிட்டால், எந்த வண்டி காலி, யாருக்கு எது என்று சொல்ல அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும். கம்பித் தொலைபேசியில் அந்த வேலையை எக்ஸ்சேஞ்சு செய்தது. வானத்தில் யார் செய்வது?

அந்தக் கேள்விதான் இந்தக் கருவியின் பிறப்பைத் தள்ளிப்போட்டது. பேச நினைப்பவர் முதலில் கேட்க வேண்டும், அமைப்பு ஓர் அலைவரிசையை ஒதுக்க வேண்டும், அந்தக் குழுவின் எல்லாச் செட்டுகளும் அதே கணத்தில் அந்த அலைவரிசைக்குத் தாவ வேண்டும். மனிதர் கையால் குமிழைத் திருப்பி இதைச் செய்ய முடியாது. செட்டுக்குள் ஒரு சிறு மூளை வேண்டும். நுண்செயலி 1971இல் சந்தைக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் தொலைக்காட்சியின் 70 முதல் 83 வரையிலான சானல்களை விடுவித்து, 800 மெகாஹெர்ட்ஸ் பட்டையைத் தரைவழி வயர்லெஸுக்குத் திறந்தது. 18262 என்ற எண்ணிட்ட அந்தக் கோப்பு 1968இல் தொடங்கி 1974இல் முடிவுக்கு வந்தது. அதன் ஒரு பகுதி செல்லுலார் தொலைபேசிக்குப் போனது, இன்னொரு பகுதி தனியார் மற்றும் பொதுப் பாதுகாப்பு வயர்லெஸுக்கு. நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியும் தீயணைப்பு வண்டியில் இருக்கும் டிரங்க் செட்டும் ஒரே கோப்பில் பிறந்த உடன்பிறப்புகள். கைபேசியைப் பற்றி எத்தனையோ எழுதிவிட்டார்கள், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1970களின் பிற்பகுதியில் முதல் டிரங்க் அமைப்புகள் வேலை செய்யத் தொடங்கின. ஸ்டாண்டில் நிற்கும் ஆளுக்குப் பொறியாளர்கள் கண்ட விடை அழகானது. இருக்கும் அலைவரிசைகளில் ஒன்றைப் பேச்சுக்குத் தராமல் ஒதுக்கிவிடு. அதில் தரவு மட்டும் ஓயாமல் ஓடட்டும். அதுதான் கண்ட்ரோல் சானல். சும்மா இருக்கும் எல்லாச் செட்டும் அதையே கேட்டுக்கொண்டிருக்கும். ஒருவர் பொத்தானை அழுத்தினால் அவர் செட் அந்தச் சானலில் ஒரு சிறு வேண்டுகோளை அனுப்பும். கட்டுப்படுத்தும் கணினி, "இந்தக் குழு, இந்த அலைவரிசைக்குப் போ" என்று அறிவிக்கும். அந்தக் குழுவின் செட்டுகள் தாவும். பேச்சு முடிந்ததும் திரும்பும். இந்தத் தாவலெல்லாம் ஒரு நொடிக்குள். பத்தில் ஒன்றைக் கண்ட்ரோலுக்குக் கொடுத்துவிட்டு மிச்சமிருக்கும் ஒன்பதில் பேசினாலும் ஏர்லாங் கணக்குப்படி மணிக்குச் சுமார் 260 நிமிடம் கிடைக்கிறது.

இந்த இடத்தில்தான் கேட்பவரின் நிலை தலைகீழானது.

பழைய முறையில் அலைவரிசை என்பதே ஒரு கூடம். உள்ளே இருப்பவர் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். டிரங்க் முறையில் கூடம் கிடையாது. ஒரு வாக்கியம் மூன்றாம் அலைவரிசையில் போகும், அதற்கான பதில் ஏழாவதில் வரும். கூடத்தின் இடத்தில் பொறியாளர்கள் ஒரு புதிய பொருளைக் கண்டுபிடித்து வைத்தார்கள்: டாக்குரூப். குன்னூர் தீயணைப்பு நிலையத்தைப் போன்ற ஒரு நிலையத்துக்கு ஓர் எண், மீட்பு வண்டிகளுக்கு ஓர் எண், எல்லாரும் கேட்க வேண்டிய அவசரத்துக்கு ஓர் எண். இது கணினி நினைவில் மட்டும் வாழும் கூடம். என் பார்வையில் டிரங்க் வயர்லெஸின் உண்மையான கண்டுபிடிப்பு அலைவரிசையைப் பகிர்ந்தது அல்ல. அதை ஏர்லாங் எப்போதோ செய்துவிட்டார். கேட்பவர்களின் கூட்டத்தை அலைவரிசையிலிருந்து பிரித்தெடுத்ததுதான் புதிது.

அதன் விளைவு இன்னும் ஆழமானது. பல கோபுரங்கள் உள்ள அமைப்பில் ஒரு குழுவின் பேச்சு எல்லாக் கோபுரத்திலும் ஒலிக்காது. அப்படி ஒலித்தால் சேமித்த இடமெல்லாம் வீணாகிவிடும். அந்தக் குழுவின் செட் எந்தக் கோபுரத்தின் கீழே பதிவாகி இருக்கிறதோ அங்கே மட்டும்தான் ஒலிக்கும். அதனால் டிரங்க் செட்டை முடுக்கியதுமே அது, "நான் இங்கே இருக்கிறேன், இந்தக் குழு" என்று கோபுரத்துக்குத் தகவல் அனுப்புகிறது. பழைய செட்டைத் திருகிவிட்டு யாருக்கும் தெரியாமல் கேட்கலாம். அமைப்பில் சேர்ந்த டிரங்க் செட்டிடம் அது நடக்காது. கேட்க வேண்டுமென்றாலும் முதலில் தன் இருப்பைச் சொல்லியாக வேண்டும். கோபுரத்துக்குத் தெரியாமல் கேட்பதென்றால் அனுப்பும் திறனை முற்றிலும் அடைத்த, கேட்க மட்டும் செய்யும் கருவி வேண்டும்.

வெளியில் இருந்து கேட்டுப் பழகிய அமெரிக்கர்களுக்கு இது பெரிய அடி. 1970களில் பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துழாவும் ஸ்கேனர்கள் அங்கே வீட்டுக்குள் வந்திருந்தன. ஒரே தீயணைப்பு உரையாடல் இப்போது துண்டு துண்டாகத் தாவியது. கண்ட்ரோல் சானலைத் தானே படித்துப் பின்தொடரும் முதல் ஸ்கேனரை யூனிடன் நிறுவனம் 1997இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2012இல் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்ற மலிவான யுஎஸ்பி குச்சிகளை பலவகை அலைகளைக் கேட்கும் ரிசீவராக மாற்றலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். டிஜிட்டல் முறைகளும் இதற்கிடையே வளர்ந்தன. அமெரிக்கப் பொதுப் பாதுகாப்பு அமைப்புகள் 1989இல் தொடங்கிய பி25, ஐரோப்பாவில் 1995இல் தரநிலையான டெட்ரா, 2005இல் வந்த டிஎம்ஆர். பிரிட்டன் 1988இல் எம்பிடி 1327 என்ற பொது இலக்கணத்தை வெளியிட்டு, எந்த நிறுவனத்தின் செட்டும் எந்த அமைப்பிலும் வேலை செய்ய வழி திறந்ததையும் சொல்ல வேண்டும். அது அனலாக் குரல்தான், ஆனால் டிரங்க் முறையை அமெரிக்காவுக்கு வெளியே பரப்பியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

டிஜிட்டலுக்கு மாறியபோது தீயணைப்புக்காரர்களுக்கு வந்த சோதனை வேறுவகை. பி25இல் குரல் அப்படியே போவதில்லை. 20 மில்லி நொடிக்கு ஒருமுறை, மனிதக் குரல் எப்படி இருக்கும் என்ற மாதிரியோடு ஒப்பிட்டு, அதன் அளவுகளை மட்டும் நொடிக்கு 4400 பிட்டாக அனுப்புகிறது. அமைதியான அறையில் அது தெளிவாக ஒலிக்கும். பக்கத்தில் பம்பும் மரம் அறுக்கும் ரம்பமும் ஓடினால், காற்று தீரப்போகிறது என்று மூச்சுக் கருவியின் மணி அடித்தால், செட் குரலையும் இரைச்சலையும் பிரிக்கத் தெரியாமல் திணறும். அனலாக்கில் குரல் தேய்ந்து தேய்ந்து இரைச்சலில் கரையும். அனுபவப்பட்ட காது கடைசிவரை எதையாவது பிடித்துவிடும். டிஜிட்டலில் தெளிவாக இருந்த குரல் சட்டென்று அறுந்துவிடும். 2008இல் அமெரிக்காவில் தீயணைப்புத் தலைவர்களின் சங்கமே இதற்கென்று குழு அமைத்து ஆராய வைத்தது.

நியூயார்க் தீயணைப்புப் படை இதை முன்பே பட்டறிந்தது. 2001 மார்ச்சில் புது டிஜிட்டல் கைச்செட்டுகளைக் கொடுத்தார்கள். குயின்ஸில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் சிக்கிய வீரரின் அபயக்குரல் அருகில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றதும், சில நாட்களிலேயே திரும்ப வாங்கிக்கொண்டு பழைய அனலாக் செட்டுகளைக் கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்துக்குள் ஏறியவர்கள் கையில் இருந்தவை அந்தப் பழைய செட்டுகள்தான். தெற்குக் கோபுரம் விழுந்த பிறகு வடக்குக் கோபுரத்தை விட்டு வெளியேறச் சொன்ன உத்தரவு பலர் காதில் விழவில்லை. மேலே காவல்துறை ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் கட்டடம் விழப்போகிறது என்று எச்சரித்தார்கள், ஆனால் அது காவல்துறை அலைவரிசையில். தீயணைப்பு வீரர்களின் செட்டுக்கு அது வர வழியே இல்லை. அன்று இறந்த தீயணைப்புப் படையினர் 343 பேர். மேலிருந்து பார்த்தவர் சொன்னார், கீழே இருந்தவர் கேட்கவில்லை. குன்னூரில் மூன்று துறைகள் ஒரே சரிவில் நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாள் நினைவுக்கு வருகிறது. துறை ஒவ்வொன்றும் தனித்தனி அலைவரிசையில் வாழ்வது எல்லா நாட்டிலும் வழக்கம். துறைகளுக்குள் பொதுவாக ஒரு டாக்குரூப்பை நொடியில் உருவாக்க முடியும் என்பதுதான் டிரங்க் முறை தீயணைப்புக்குத் தரும் மிகப் பெரிய கொடை. பேச்சு நிமிடங்களைப் பெருக்கியதைவிட நான் இதைப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் மலை தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். அதன் உச்சியில், அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வைத்தால், கோவைச் சமவெளிப் பக்கம் வானொலி அடிவானம் 190 கிலோமீட்டருக்குப் போகும். அவ்வளவு தூரம் போகிற அலை, பக்கத்துப் பள்ளத்தில் இறங்காது. கேத்திப் பள்ளத்தாக்கின் மடிப்பில், பர்லியாறு செல்லும் கொண்டை ஊசி வளைவுகளில், மலையே நிழல் போடும். அலை நீளம் குறையக் குறைய மடிப்புகளை வளைந்து கடக்கும் திறனும் குறையும். பழைய 150 மெகாஹெர்ட்ஸ் பட்டை ஓரளவு வளைந்து இறங்கும். டிரங்க் அமைப்புகள் பெரும்பாலும் வாழும் 400, 800 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் அந்த அளவுக்கு இறங்காது. சமவெளிக்குச் சில கோபுரங்கள் போதும் என்றால், நீலகிரிக்கு மடிப்புக்கு மடிப்பு கோபுரம் வேண்டும்.

கோபுரங்களைப் பெருக்கினால் அவற்றைக் கட்டுப்படுத்தும் கணினியோடு இணைக்கும் கம்பியும் பெருகும். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையின் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சாலைகள் அறுந்தன. அப்படி ஒரு நாளில் கோபுரம் நின்றாலும் இணைப்பு நிற்குமா என்பதுதான் கேள்வி. இணைப்பை இழந்த டிரங்க் கோபுரம் முற்றிலும் ஊமையாகிவிடாது. தன் காலடியில் இருப்பவர்களை மட்டும் ஒருவரோடொருவர் பேச வைக்கும். குன்னூர்க் கோபுரத்தின் கீழே உள்ளவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள், ஊட்டிக்குப் போகாது. அதை முன்பே தெரிந்து பயிற்சி எடுத்தவர்களுக்கு அது பெரிய உதவி. தெரியாதவர்கள் செட் நன்றாகத்தானே இருக்கிறது, ஊட்டியில் ஏன் பதில் இல்லை என்று அந்த நெருக்கடியில் பொழுதை இழப்பார்கள்.

கேட்பதைப் பற்றிப் பேசும்போது ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் எழுந்த வானொலித் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை அளவுக்கு, ஏறத்தாழ 11 பாகை, சரிந்திருக்கும் ஒரு மலைமுகட்டைத் தேடிப்பிடித்து வடக்கு தெற்காகக் கட்டினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பினால் ஒரு விண்மீன் கூட்டத்தை மணிக்கணக்கில் தொடரலாம். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். அந்தச் சுற்றுவட்டாரப் பட்டையில் வானொலி வானியலுக்கு உலக அளவில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பதில் அனுப்பாமல் கேட்க மட்டும் செய்யும் கருவிக்கு இந்த மாவட்டத்திலேயே உலகத்தரமான முன்மாதிரி இருக்கிறது. மனிதர் பேச்சு அதன் காதைக் கெடுக்கக் கூடாது என்ற ஒழுங்கு இருந்தால்தான் அது கேட்கும்.

அலையில் ஒழுங்கு வேண்டும் என்பது நம் நாட்டில் சட்டமாகவும் இருக்கிறது. அமெரிக்காவைப் போல அவசரப் பணி வயர்லெஸை யாரும் கேட்கலாம் என்ற மரபு இங்கே வளரவில்லை. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமம் இல்லாமல் செட்டை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அதன் இடத்தை எடுத்துக்கொள்ள இயற்றிய 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், அனுமதியின்றிச் செய்தியை இடைமறிப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. 446 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தியுள்ள சிறு வாக்கி டாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், எந்த அலைவரிசையில் இயங்குகிறது, உரிமம் வேண்டுமா என்பதைச் சொல்லாமல் இணையக் கடைகள் வாக்கி டாக்கி விற்பதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. எஸ்டேட் கண்காணிப்புக்கென்று மலிவு விலைச் சீனச் செட்டுகளை வாங்கும் நீலகிரிக்காரர்கள் அட்டைப்பெட்டியில் இதைப் பார்த்து வாங்க வேண்டும். தீயணைப்பு அலைவரிசையில் தவறுதலாக அழுத்திய ஒரு பொத்தான், சரிவில் நிற்பவரின் அபயக்குரலை மிதித்துவிடும்.

கேட்கும் கலையை முறையாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு அமெச்சூர் வானொலி இருக்கிறது. 12 வயது நிரம்பியிருந்தால் தேர்வு எழுதி உரிமம் பெறலாம். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை அவர்களுக்கான பட்டைகளில் ஒன்று. பேச்சு முறையும், குறுக்கே பேசாத ஒழுங்கும், அலை எங்கே இறங்கும் எங்கே இறங்காது என்ற மலைக் கணக்கும் அங்கே கைவரும். கோத்தகிரி, கூடலூர்ப் பள்ளிகளில் இதற்கு ஒரு மன்றம் தொடங்கினால் அடுத்த பெருமழைக்கு அந்தப் பிள்ளைகள் துறைகளுக்குத் துணையாக நிற்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டிஜிட்டல் டிரங்க் முறை என்றாவது நீலகிரித் தீயணைப்பு நிலையங்களுக்கு வரும்போது, கொள்முதல் ஆவணத்தில் இருக்க வேண்டியதாக நான் கருதுவது மூன்று. வனத்துறைக்கும் தீயணைப்புக்கும் வருவாய்த் துறைக்கும் பொதுவான ஒரு டாக்குரூப், அது எப்போதும் எல்லாச் செட்டிலும் திறந்திருக்க வேண்டும். தீப்பிடித்த இடத்துக்குள் இறங்குகிறவர்களுக்குக் கோபுரம் எதையும் நம்பாமல் செட்டுக்குச் செட்டு நேராகப் பேசும் அலைவரிசை. வெளிநாட்டுப் படைகள் பல இன்றும் இதை அனலாக்கிலேயே வைத்திருப்பதற்கு மேலே சொன்ன டிஜிட்டல் சிக்கலே காரணம். மூன்றாவது, டெட்ராவில் வண்டிச் செட்டுகளில் கிடைக்கும் கேட்வே வசதி. பள்ளத்துக்குள் நேராகப் பேசுகிறவர்களின் குரலை வாங்கி, வளைவில் நிற்கும் தீயணைப்பு வண்டி தன் உயரமான ஆண்டெனா வழியே கோபுரத்துக்கு அனுப்பும், கோபுரத்தின் குரலைப் பள்ளத்துக்கு இறக்கும். வண்டியை நிறுத்தும் இடத்தை ஓட்டுநர்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். எந்தக் கொண்டை ஊசி வளைவில் நின்றால் பள்ளமும் கோபுரமும் ஒருசேரத் தெரியும் என்ற பட்டியலை நிலையத்துக்கு நிலையம், கோடை தொடங்கும் முன் வண்டியை ஓட்டிப்போய்ச் சோதித்து எழுதி வைக்கலாம். அதற்குப் புது டெண்டர் எதுவும் தேவையில்லை. இன்று கையில் இருக்கும் செட்டைக் கொண்டே அந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.